ஓட்ஸ் மாவும் குரக்கன் மாவும்: எமது ரொட்டியைத் தீர்மானிப்பவர் யார்?

கண்டி நகரிலும் அதனைச் சூழவுள்ள தோட்டங்களிலும் கிராமங்களிலும் தாய்மார் குழுக்களைச் சந்திக்கும்போது, அண்மைக் காலமாக ஒரு கேள்வியை நாம் அடிக்கடி எதிர்கொள்கிறோம். "சீனி வருத்தத்துக்கும் கொழுப்புக்கும் ஓட்ஸ் நல்லது என்கிறார்களே, அதை வீட்டிலேயே மாவாக்கி ரொட்டி சுடலாமா சுவாமி?" என்பதே அக்கேள்வி. கிளினிக்குக்குப் போய் வந்தவர்கள் கேட்கிறார்கள். கொழும்பில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பிய இளம் பெண்கள் கேட்கிறார்கள். நகரத்துச் சுப்பர் மார்க்கெட்டில் 'ஓட்ஸ் மா' என்று தனியே பொதி செய்து விற்பதைப் பார்த்து, அதன் விலையைக் கண்டு திகைத்தவர்களும் கேட்கிறார்கள்.

இக்கேள்விக்கு நேரடியான பதில், 'ஆம், செய்யலாம். மிகவும் எளிது' என்பதாகும். அந்த முறையை முதலில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதோடு நிறுத்திவிட எமக்கு மனமில்லை. ஏனெனில் இக்கேள்விக்குள் இன்னொரு பெரிய கேள்வி இருக்கிறது. தோட்டத்து லயக்காம்பிராவிலும் கிராமத்து வீட்டிலும் தினமும் சுடப்படும் ரொட்டியில் என்ன மா இருக்க வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? நாமா, கடைக்காரரா, கப்பலா?

ஓட்ஸ் மா செய்யும் முறை

கடையில் நாம் வாங்கும் ஓட்ஸ், உமி நீக்கி, ஆவியில் அவித்து, அவல் போலத் தட்டையாக்கப்பட்டது. ஓட்ஸில் ஏனைய தானியங்களைவிடக் கொழுப்பு சற்று அதிகம். உமி நீங்கியதும் அக்கொழுப்பு விரைவில் கெட்டுக் கசக்கத் தொடங்கும். அதைத் தடுப்பதற்காகவே ஆலையில் ஆவி பிடிக்கிறார்கள். இதை அறிந்துகொண்டால் வீட்டில் மாவை எப்படிப் பாதுகாப்பது என்பதும் விளங்கிவிடும்.

சீனியோ வாசனையோ கலக்காத சாதாரண ஓட்ஸை வாங்குங்கள். சிறு பைக்கற்றுகளில் பழச்சுவையுடன் வருபவை மாவுக்கு ஏற்றவையல்ல. ஒரு தாச்சியில் இட்டு, மெல்லிய நெருப்பில் மூன்று நான்கு நிமிடம் கருகாமல் சூடாக்குங்கள். கண்டியின் ஈரக் காற்றில் ஓட்ஸ் நீரை உறிஞ்சிவிடும் என்பதால் இதைத் தவிர்க்க வேண்டாம். நன்றாக ஆறவிட்டு, ஈரமில்லாத கிரைண்டரில் அரைவாசி அளவுக்கு மட்டும் இட்டு அரைத்து, சல்லடையில் அரித்து, மேலே நிற்கும் குறுணலை மீண்டும் அரையுங்கள். குறுணலை எறிந்துவிட வேண்டாம். நார்ச்சத்து அதிலும் உண்டு. நூறு கிராம் ஓட்ஸ் ஏறக்குறைய நூறு கிராம் மாவைத் தரும். எனவே 'ஓட்ஸ் மா' என்று தனியாக விற்பதற்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம், அரைத்த கூலிக்கும் அழகான பைக்கும்தான்.

காற்றுப் புகாத போத்தலில் இட்டு, இரண்டு வாரத்துக்குள் முடிக்கக்கூடிய அளவு மட்டும் அரைத்து வைப்பது நல்லது. கசப்பு மணம் வந்தால் பாவிக்கக் கூடாது. ரொட்டிக்கு முதலில் ஒரு பங்கு ஓட்ஸ் மாவுக்கு இரண்டு பங்கு கோதுமை மா என்று கலந்து பாருங்கள். கோதுமை மா இழுபடுவதற்குக் காரணமான பசைப்புரதம் ஓட்ஸில் இல்லை. ஆகவே தனி ஓட்ஸ் மாவை மெல்லியதாகத் தட்ட முயன்றால் உடையும். பிசைந்தபின் கால் மணி நேரம் மூடி வைத்தால் மா நீரை ஏற்று இணங்கி வரும். கஞ்சிக்கு இரண்டு மேசைக்கரண்டி மாவை முதலில் குளிர்ந்த நீரில் கரைத்துவிட்டே அடுப்பில் வைக்க வேண்டும், இல்லையெனில் கட்டிபடும். தோசை மாவிலும் சூப்பிலும் சிறிதளவு கலக்கலாம்.

பயன் உண்டா என்று கேட்டால், உண்டு. ஓட்ஸில் உள்ள 'பீட்டா குளுக்கன்' என்ற கரையும் நார்ச்சத்து இரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவும். நாளொன்றுக்கு 3 கிராம் அளவில் அது உணவில் சேர்ந்தால் இருதய நோய்க்கான ஆபத்து குறையலாம் என்று பொதிகளில் குறிப்பிட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997 இல் அனுமதி வழங்கியது. இது விளம்பரக்காரர்களின் கற்பனையல்ல. வாங்கக்கூடியவர்கள் வாங்கி உண்ணலாம், அதில் தவறில்லை.

ஆனால் ஓட்ஸ் எமது நாட்டில் விளைவதில்லை. குளிர் நாடுகளில் விளைந்து, கப்பலில் வந்து, டொலரில் விலை தீர்மானிக்கப்பட்டு எம்மிடம் சேர்கிறது. நாட்சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒரு தாய் அதை மாதம் முழுவதும் ஐந்து பேருக்கு ரொட்டியாகச் சுட முடியாது. அவருக்கு எமது பதில் என்ன?

இரண்டு ஏழைத் தானியங்கள்

இங்கே சிறிது வரலாற்றைப் பார்ப்பது பயனுள்ளது. இலங்கையில் தேயிலையை வர்த்தகப் பயிராக முதன்முதல் நிலைநாட்டிய ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்தவர். அவர் 1852 இல் இங்கு வந்து, கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அவர் பிறந்த மண்ணில் ஏழை விவசாயியின் அன்றாட உணவு ஓட்ஸ் கஞ்சியும் ஓட்ஸ் ரொட்டியுமே. இங்கிலாந்துக்காரர் அதைக் குதிரைத் தீனி என்று ஏளனம் செய்த காலமும் இருந்தது.

அதே தோட்டங்களில் உழைக்க வந்த எமது மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள்? திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலான வானம் பார்த்த பூமிகளிலிருந்து வந்தார்கள். அங்கே ஏழையின் உணவு கேழ்வரகுக் கூழும் கம்பங்களியும் சோளமும். கேழ்வரகு என்பதும் ராகி என்பதும் நாம் இங்கே குரக்கன் என்று அழைக்கும் அதே தானியமே. மலையடிவாரத்துச் சிங்களக் கிராமங்களிலும் சேனைகளில் விளைந்தது அதுதான். அவர்கள் 'தலப்ப' என்று கிண்டி உண்பதும் எமது பாட்டிமார் 'களி' என்று கிண்டியதும் ஏறக்குறைய ஒரே பண்டம். மொழியால் பிரிந்து நிற்கும் இரு சமூகங்கள் ஒரே சட்டியில் ஒரே மாவைக் கிண்டியிருக்கின்றன என்பதை நாம் மறந்துவிட்டோம்.

ஆக, ஓட்ஸும் குரக்கனும் இரண்டுமே ஏழைகளின் தானியங்கள். ஒன்று இன்று பளபளக்கும் பெட்டியில் மருந்துபோல மரியாதை பெற்று வருகிறது. மற்றது 'காட்டுச் சாப்பாடு', 'கறுப்பு ரொட்டி' என்ற அவமானத்தைச் சுமந்து நிற்கிறது. விருந்தாளி வந்தால் குரக்கன் ரொட்டியை மறைத்து வைக்கும் வீடுகளை நாம் அறிவோம். மரியாதையின் இந்த வித்தியாசத்துக்குத் தானியம் காரணமல்ல. அதை விற்பவருக்கு இருக்கும் பணமும் குரலுமே காரணம்.

வெள்ளை மா எவ்வாறு வந்தது?

'எங்கள் சாப்பாடே ரொட்டிதான், எப்போதும் கோதுமை மாதான்' என்று தோட்டத்து இளைஞர்கள் சொல்கிறார்கள். 'எப்போதும்' என்பது உண்மையல்ல. கோதுமை இலங்கையில் வர்த்தக ரீதியில் விளைவதில்லை. முன்பு தோட்டத் தொழிலாளருக்கு வழங்கப்பட்டது பெரும்பாலும் இறக்குமதி அரிசி. இரண்டாம் உலக யுத்தத்தில், 1942 இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. தற்காலிகமாக வந்த விருந்தாளி வீட்டுக்காரராகிவிட்டார்.

பின்னர் 1954 இல் அமெரிக்கா இயற்றிய 'பி.எல். 480' என்ற சட்டத்தின் கீழ், அந்நாட்டில் மிகையாக விளைந்த தானியம் வறிய நாடுகளுக்குச் சலுகை அடிப்படையில் வந்து சேர்ந்தது. இலங்கையும் அவ்வாறு கோதுமை மாவைப் பெற்றது. 1977 இல் சிங்கப்பூரின் பிரீமா நிறுவனத்துடன் அரசு உடன்படிக்கை செய்தது. 1980 இல் திருகோணமலையில் பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கியது. அரசு கோதுமையைக் கொடுக்கும். ஆலை மாவைத் திருப்பிக் கொடுக்கும். அரைகூலியாகத் தவிடு ஆலையிடம் நிற்கும். இதுவே அன்றைய ஏற்பாட்டின் சாரம். அந்தத் தவிட்டைப் பற்றிச் சற்றுச் சிந்தியுங்கள். கோதுமை மணியில் ஏறக்குறைய காற்பங்கு, வெள்ளை மாவுக்காகத் தவிடாகவும் முளையாகவும் பிரிக்கப்படுகிறது. நார்ச்சத்தும் இரும்பும் பல உயிர்ச்சத்துகளும் செறிந்திருப்பது அந்தக் காற்பங்கிலேயே. அது கால்நடைத் தீவனமாகிறது. மிகுதி எமது பிள்ளைகளின் ரொட்டியாகிறது.

மாறிமாறி வந்த அரசாங்கங்கள் பல தசாப்தங்களாக மாவின் விலையைத் தாழ்த்தி வைத்திருந்தன. ஏழைகள் பசியாற வேண்டும் என்பதற்காகவும் தேர்தலுக்காகவும் இது நடந்தது. இதன் நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கோதுமை மாவின் மலிவு இயற்கையாக வந்ததல்ல, கொள்கையால் வந்தது என்பதை உணர வேண்டும். கொள்கையால் வந்தது கொள்கையாலும் கப்பலாலும் போகலாம்.

அவ்வாறு போனதை நாம் இரு முறை கண்டோம். 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, நாட்டில் பங்கீடு வெட்டப்பட்டபோது, மிகக் கூடுதலாக அடிபட்டவர்கள் சொந்த நிலமில்லாத தோட்ட மக்களே. அக்காலத்தில் தோட்டங்களில் மரண வீதம் கடுமையாக உயர்ந்தது. கிராமத்தவருக்கு ஒரு மரவள்ளி மேடையோ பலா மரமோ இருந்தது. லயத்துக்காரருக்கு அதுவும் இருக்கவில்லை. இரண்டாவது முறை 2022 இல். டொலர் தீர்ந்தது, உக்ரேன் யுத்தம் மூண்டது, மே மாதத்தில் இந்தியா கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. மாவின் விலை சில மாதங்களுக்குள் பல மடங்காகியது. முந்திய ஆண்டின் இரசாயனப் பசளைத் தடையால் நெல் விளைச்சலும் விழுந்திருந்தது. 2021 இல் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்ட 1000 ரூபா நாட்சம்பளத்துடன் நின்ற குடும்பங்கள், மூன்று வேளை ரொட்டியை இரண்டாக்கின, பின்னர் ஒன்றாக்கின. அந்த ஆண்டில் குரக்கன், மரவள்ளி, பலாக்கொட்டை என்று தேடியவர்கள் பலர். விலை சற்று இறங்கியதும் அவற்றை மறந்தவர்களும் பலர்.

குரக்கனில் என்ன உண்டு? என்ன இல்லை?

குரக்கனைப் புகழ்ந்து எழுதுபவர்கள் சில வேளைகளில் எல்லை கடந்துவிடுகிறார்கள். ஓட்ஸ் விளம்பரத்துக்குப் பதில் குரக்கன் விளம்பரம் எழுதுவது எமது நோக்கமல்ல. உள்ளதை உள்ளபடி சொல்வோம்.

நூறு கிராம் குரக்கனில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அதே அளவு ஓட்ஸில் அது 50 அளவிலும், கோதுமை வெள்ளை மாவில் 25 இற்குள்ளும், தீட்டிய அரிசியில் 10 அளவிலுமே இருக்கிறது. பால் வாங்க இயலாத வீட்டில், வளரும் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் வயது முதிர்ந்தவருக்கும் இது சிறிய விடயமல்ல. குரக்கன் மணி மிகச் சிறியது. அதன் தோலைத் தீட்டி நீக்குவது எளிதல்ல என்பதால் வழக்கமாகத் தோலோடு முழுமையாகவே அரைபடுகிறது. எனவே நார்ச்சத்து மாவிலேயே தங்கிவிடுகிறது.

இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். குரக்கனில் புரதம் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 7 கிராம்தான். ஓட்ஸில் அது கூட. ஆகவே குரக்கன் ரொட்டியோடு பருப்பு, கௌபி, பாசிப்பயறு, நெத்தலிக் கருவாடு, முட்டை ஆகியவற்றில் ஒன்று சேர வேண்டும். வெறும் கட்டச் சம்பல் போதாது. இரும்புச்சத்து ஓரளவு உண்டு. ஆனால் மணியிலுள்ள பைட்டேட், தனின் என்பவை அதை உடல் முழுமையாக ஏற்கவிடாமல் தடுக்கின்றன. முளைக்க வைத்து அரைத்தால் தடை குறையும். தேசிக்காய்ப் புளி சேர்ந்தால் இரும்பு உடலில் சேர்வது கூடும். மலைநாட்டவரான நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ரொட்டியோடு சேர்த்துச் சாயத் தண்ணீர் குடிப்பது எமது வழக்கம். தேயிலையிலுள்ள தனின் உணவிலுள்ள இரும்பைக் கட்டிவிடுகிறது. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டால், செலவில்லாமலே இரத்தச்சோகைக்கு எதிராக ஒரு படி முன்னேறலாம்.

நீரிழிவு நோயாளருக்கு ஒரு வார்த்தை. குரக்கனும் மாச்சத்துள்ள தானியமே. 'குரக்கன்தானே' என்று ஆறு ரொட்டி உண்டால் சீனி ஏறத்தான் செய்யும். ஓட்ஸுக்கும் இது பொருந்தும். மா எவ்வளவு நுண்மையாகிறதோ அவ்வளவு விரைவாகச் சமிக்கும். ஆகவே சற்றுக் கரடாக அரைத்து, அளவோடு, கீரை கறியோடு உண்ண வேண்டும். குளிசையை நிறுத்திவிட்டுக் குரக்கனை நம்புவது ஆபத்து.

வீட்டில் குரக்கன் மா

மாவாக வாங்குவதைவிட மணியாக வாங்குவதே நல்லது. மணியில் கலப்படம் கண்ணுக்குத் தெரியும், மாவில் தெரியாது. சுளகில் புடைத்து, நாலைந்து தண்ணீரில் அரித்துக் கழுவுங்கள். குரக்கனில் மண் சேர்ந்து வருவது வழக்கம். பலர் 'பல்லில் கறகறக்கிறது' என்று கைவிடுவதற்குக் காரணம் இதுதான். பின்னர் பாயில் பரப்பி நல்ல வெயிலில் காயவிடுங்கள். மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்த தானியத்தை மூட்டை கட்டக் கூடாது. பூஞ்சணம் பிடித்தால் அதன் நஞ்சு வறுத்தாலும் போகாது. காய்ந்த மணியை மணம் வரும் வரை இலேசாக வறுத்து அரைக்க வேண்டும். எமது பாட்டிமாரின் திரிகை இன்னும் சில வீடுகளில் கதவுக்கு முட்டாகக் கிடக்கிறது. சிறிய அளவுக்கு அது போதும். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, பன்விலை போன்ற சிறு பட்டினங்களில் மிளகாயும் அரிசியும் அரைக்கும் ஆலைகளில் கொடுக்கலாம். ஆனால் மிளகாய் அரைத்த கையோடு அரைத்தால் மா உறைக்கும். காலையில் முதல் வேலையாக அரைத்துத் தரும்படி கேளுங்கள்.

ரொட்டிக்கு ஒரு பங்கு குரக்கன் மா, மூன்று பங்கு கோதுமை மா என்று தொடங்குங்கள். பிள்ளைகளின் நாக்கு பழகியபின் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு வரலாம். தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்து, வெந்நீர் விட்டுப் பிசைய வேண்டும். ஓட்ஸைப் போலவே குரக்கனிலும் இழுபடும் பசை இல்லை. வெந்நீர் அந்தக் குறையை ஓரளவு தீர்க்கும். தடிப்பாகத் தட்டி, மெல்லிய நெருப்பில் மூடிச் சுடுங்கள். பிட்டுக்கு அரிசி மாவுடன் அரைவாசி கலக்கலாம்.

சிறு பிள்ளைகளுக்கு முளை கட்டிய குரக்கன் மா சிறந்தது. கழுவிய மணியை இரவு முழுவதும் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, சிறு முளை காணும் வரை ஒன்று அல்லது இரண்டு நாள் வைத்திருந்து, காயவைத்து, கையால் தேய்த்து வேரை நீக்கி, வறுத்து அரைக்க வேண்டும். முளைக்கும்போது மாச்சத்து உடைவதால் கஞ்சி கட்டியாகாமல் இளக்கமாக வரும். அதனால் குறைந்த தண்ணீரில் கூடுதல் மாவைச் சேர்க்க முடியும். சிறு வயிறு கொண்ட பிள்ளைக்கு ஒரே கோப்பையில் கூடுதல் சத்துப் போய்ச் சேரும். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு இதைத் தொடங்குமுன் உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷாவுக்கு இது பதிலீடல்ல, துணையாகும்.

விலையும் வேலையும்

எமது கூட்டங்களில் இரண்டு எதிர்வாதங்கள் எழுகின்றன. இரண்டும் நியாயமானவை.

முதலாவது விலை. 'குரக்கன் கோதுமை மாவைவிட விலை கூடத்தானே?' உண்மைதான். 2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக உயர்த்தப்பட்டபின்பும், கடையில் ஒரு கிலோ குரக்கன் மா வாங்குவது பல குடும்பங்களுக்குச் சுமை. 'சத்தானதை உண்ணுங்கள்' என்று அவர்களுக்கு உபதேசம் செய்வது எளிது, அது நீதியாகாது. எனவேதான் முழுமையாக மாற வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. நான்கில் ஒரு பங்கு என்கிறோம். மாதம் இருபது கிலோ மா செலவாகும் வீட்டில் அது ஐந்து கிலோ. அதையும் சில்லறையாக அல்லாமல், பத்து இருபது குடும்பங்கள் சேர்ந்து, மாரிப் போக அறுவடை முடியும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மணியாக வாங்கினால் விலை இறங்கும். கண்டி மாவட்டத்தின் கிழக்குச் சரிவிலேயே, உடுதும்பறைக்கு அப்பால் மினிப்பே பக்கமாக, உலர் வலயம் தொடங்கிவிடுகிறது. அதற்கு அப்பால் மொனராகலையும் வடக்கே அநுராதபுரமும் சேனைப் பயிர்ச் செய்கைக்குப் பேர் போனவை. அங்குள்ள சிங்கள விவசாயி இடைத்தரகரிடம் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார். இங்குள்ள தமிழ்த் தொழிலாளி சில்லறைக் கடையில் கூடிய விலைக்கு வாங்குகிறார். இருவரும் நேரடியாகச் சந்தித்தால் இருவருக்கும் இலாபம். இன நல்லிணக்கம் பற்றி மேடையில் பேசுவதைவிட இந்த ஒரு மூட்டை குரக்கன் அதிகம் சாதிக்கும் என்று நாம் நம்புகிறோம்.

'நாங்களே பயிரிடலாமே' என்று சிலர் கேட்கலாம். ஏழு பேர்ச் துண்டில் வீடு கட்டியவரிடம் தானியம் விளைவிக்கச் சொல்வது கேலியாகும். அந்தத் துண்டில் கீரையும் முருங்கையும் தேசியும் வைப்பதே புத்தி. நிலம் பற்றிய கேள்வி இதனால் தீர்ந்துவிடாது. அது தனியே, உரத்துக் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இரண்டாவது வேலை. விடியற்காலையில் எழுந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, பெரட்டுக்கு ஓடி, நாள் முழுவதும் கொழுந்து பறித்துத் திரும்பும் பெண்ணிடம், 'குரக்கன் புடை, கழுவு, காயவை, வறு, அரை' என்று சொல்கிறோமா? அவ்வாறு சொன்னால் வீட்டு உணவு என்ற நல்ல பெயரில் அவர் முதுகில் இன்னொரு கூடையைக் கட்டுகிறோம் என்றே பொருள். பழைய திரிகையைப் போற்றிப் பேசும் ஆண்கள், அதைச் சுற்றிய கை யாருடையது என்று கேட்பதில்லை. ஆகவே இது பெண்ணின் தனி வேலையாக இருக்கக் கூடாது. கழுவிக் காயவைப்பதையும் ஆலைக்குச் சுமந்து செல்வதையும் ஆண்கள் ஏற்க வேண்டும். பெரும் அளவில் கூட்டாகச் செய்தால் வீட்டுக்கு ஒரு மாதத்தில் ஒரு நாள் வேலைதான்.

இது நடக்கக்கூடியதே என்பதற்கு எமது அயலிலேயே ஒரு சான்று உண்டு. பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் விவசாயத் திணைக்களம் ஏற்படுத்திய 'ஹெல போஜுன்' உணவுச்சாலையில், கிராமியப் பெண்கள் உள்ளூர்த் தானியங்களில் உணவு தயாரித்துத் தாமே விற்று வருமானம் பெறுகிறார்கள். நகரத்தவர் அங்கே வரிசையில் நின்று குரக்கன் ரொட்டி வாங்குகிறார்கள். கிராமத்துப் பெண்களால் முடிந்தது தோட்டத்துப் பெண்களாலும் முடியும். ஆனால் அவர்களுக்கு அதற்கான இடமும் பயிற்சியும் முதலும் இன்னும் போதிய அளவில் திறக்கப்படவில்லை.

நாம் முன்வைப்பவை

ஆகவே பின்வரும் சிறு முயற்சிகளை மாதர் சங்கங்கள், இளைஞர் குழுக்கள், தோட்டத் தலைவர்கள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியோர் முன் வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு லயத்திலும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு 'மாக் குழு' அமைக்கட்டும். வாரம் ஒரு சிறு தொகை சேமித்து, அறுவடைக் காலத்தில் ஒரு மூட்டை குரக்கனைக் கூட்டாக வாங்கிப் பங்கிடட்டும். கணக்கு எல்லோரும் பார்க்கக்கூடிய கொப்பியில் இருக்கட்டும்.

இரண்டாவது, கடன் தரும் நிறுவனங்களும் எம்மைப் போன்ற தொண்டு அமைப்புகளும் தையல் மெசினுக்குக் கடன் கொடுப்பதுபோலச் சிறு அரைக்கும் இயந்திரத்துக்கும் கொடுக்க வேண்டும். அது ஒருவரின் சொத்தாக அல்லாமல் குழுவின் சொத்தாக இருக்க வேண்டும். மிளகாய்க்கும் தானியத்துக்கும் தனித்தனி நாள் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பிள்ளைக் காம்பிராக்களில் வாரத்தில் இரண்டு நாளாவது பிஸ்கட்டுக்குப் பதிலாகக் குரக்கன் கஞ்சியோ ரொட்டியோ வழங்கத் தோட்ட நிர்வாகங்களைக் கேட்போம். சிறு வயதில் பழகிய நாக்கு பெரியவரானதும் வெட்கப்படாது.

நான்காவது, எமது சொந்த வைபவங்களில் தொடங்குவோம். பங்கு விழாவிலும் சங்கக் கூட்டத்திலும் பாணும் கேக்கும் வைப்பதே கௌரவம் என்ற எண்ணத்தை விட்டு, குரக்கன் ரொட்டியைப் பெரியவர்களுக்கும் அதிதிகளுக்கும் முதலில் பரிமாறுவோம்.

ஐந்தாவது, அரசு தன் இறக்குமதிக் கொள்கையையும் உள்ளூர்த் தானியக் கொள்கையையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை 2023 ஐச் சிறுதானிய ஆண்டாகப் பிரகடனம் செய்தது. ஆண்டு முடிந்தது; பதாகைகளும் கழற்றப்பட்டன. சேனை விவசாயிக்கு உறுதியான விலையும், தோட்டத்துக் கூட்டுறவுக் கடையில் குரக்கன் மணியும் கிடைக்கச் செய்தாலன்றி அப்பிரகடனத்தால் ஏழைக்கு ஏதும் வரப்போவதில்லை.

ஓட்ஸ் மா அரைக்கக் கேட்டவர்களுக்கு அதன் முறையைச் சொன்னோம். விரும்பியவர் செய்யட்டும், நோயாளிக்கு அது உதவட்டும். ஆனால் ஒரு போத்தல் ஓட்ஸ் மா ஒரு வீட்டுக்குப் போதும். ஒரு தோட்டத்துக்குப் போதாது. அடுத்த முறை கப்பல் தாமதிக்கும்போது எமது பிள்ளைகளின் தட்டு வெறுமையாக இருக்கக் கூடாது என்றால், அந்த நான்கில் ஒரு பங்கை இப்போதே, விலை ஓரளவு இறங்கியிருக்கும் இந்தக் காலத்திலேயே, எமது கைக்குள் கொண்டுவர வேண்டும். வருகிற மாரி அறுவடைக்கு முன்னர் உங்கள் லயத்தில் பத்துக் குடும்பங்களைச் சேர்க்க முடியுமா? அதைப் பேசுவதற்கு ஒரு ஞாயிறு மாலை போதும்.